பசியும் மனச்சோர்வும்

குறிஞ்சிப்பாடி வட்டத்து வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்காருபவரிடம் ஏன் பசித்தது என்று யாரும் கேட்பதில்லை. மன உறுதியால் பசியை வெல்லச் சொல்வதும் இல்லை. ஆனால் உறக்கம் கெட்டு, உணவு கசந்து, எழுந்து உட்காரவும் மனமில்லாமல் வாரக்கணக்கில் கிடப்பவரிடம் “மனசைத் திடமா வச்சுக்கோ” என்கிறோம். அதற்கும் அவர் தேறாவிட்டால் கர்மவினை என்று கணக்கை முடித்துவிடுகிறோம். மனச்சோர்வு நோயைப் பசியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பசி ஏறும்போது அறிவு மங்குவதையும் மனம் தடுமாறுவதையும் உடம்பின் தளர்ச்சியோடு சேர்த்தே ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் நூலில் அடுக்கிச் சொல்கிறார் வள்ளலார். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு இதையே அளந்து காட்டியது. போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத, உடலும் உள்ளமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைவயிற்றோடு இருந்தார்கள். பலருக்குச் சோர்வும் எரிச்சலும் வந்தன. எதிலும் நாட்டம் போயிற்று. கொள்கைக்காகப் போரையே மறுத்தவர்களை மனத்திடம் இல்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்? சோறு குறையாத வீட்டிலும் உடம்பு இப்படி மனத்தைக் கவிழ்க்கும். இடர் வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி கார்ட்டிசோலைச் சுரக்கிறது. போதும் என்று மூளை சொன்னதும் அது அடங்க வேண்டும். மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் அந்த அடக்கம் தளர்ந்திருக்கிறது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி, நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் சராசரியாகச் சற்றுச் சிறுத்துக் காணப்படுகிறது. கல்லீரல் அழற்சிக்கு, உடம்பின் அழற்சி வினையைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோர் மனச்சோர்வில் விழுந்ததும் தெரிந்ததே. முதல் தடவை பெரும்பாலும் ஓர் இழப்பை ஒட்டி வரும் நோய், அடுத்தடுத்த தடவைகளில் சிறு காரணத்துக்கும் வருகிறது என்று 1992இல் மனநல மருத்துவர் ராபர்ட் போஸ்ட் வாதிட்டார். ஒருமுறை பற்றிய விறகு மறுபடி எளிதில் பற்றுவதுபோல.

எல்லாம் உடம்பின் வேலை என்றால் ஆன்மாவுக்கு என்ன இடம் என்று பக்தர் கேட்கலாம். துன்பம் மனம் முதலிய கருவிகளுக்குத்தான், ஆன்மாவுக்கு அல்ல என்ற வாதத்தை வள்ளலாரே எடுத்துக்கொண்டு மறுத்திருக்கிறார்: துயரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் நீர் வடிப்பது கண்தான், கண்ணாடி அல்ல. அந்த உவமையை நான் இன்னும் ஓர் அடி நீட்டுவேன். கண்ணாடி பழுதானதால் பார்வையின் உரிமையாளர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். பழுதைப் பார்ப்பது ஆன்மாவை மறுப்பதும் ஆகாது. வினைப்பயனில் நாம் குறுக்கிடலாமா என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. கடுங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் சோறு போடச் சொல்கிறானே! வினையை நம்புகிறவரும் மருந்தைத் தடுக்க நியாயம் இல்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் அறிவியலுக்குள்ளிருந்தே வருகிறது. செரட்டோனின் குறைவுதான் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்த எளிய கதைக்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் தொகுத்துக் காட்டினார்கள். அந்தக் கதை விழுந்தால் விழட்டும்; ஒரு ரசாயனத்தின் பெயரில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைத்தது அவசரம்தான். அதனால் கார்ட்டிசோலும் அழற்சியும் பொய்யாகிவிடவில்லை. கடன், சாவு, தனிமை ஆகியவற்றின் பங்கும் குறையவில்லை, அவையும் இந்த உடம்பின் வழியாகத்தானே உள்ளே இறங்குகின்றன. பசியோடு வைத்த ஒப்புமை இடறுவது வேறோர் இடத்தில். பந்தியில் ஒரு வேளை உண்டால் அன்றைய பசி அன்றே அடங்கும். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், பேச்சு சிகிச்சைக்கும் அப்படியே. மின்னசோட்டா இளைஞர்களுக்கும்கூடச் சோறு கூடிய உடனே மனம் தெளிந்துவிடவில்லை, பலருக்கு மாதங்கள் பிடித்தன.