மதிப்பெண்ணை எழுதியது யார்?

இளைஞர்களே, ஒரு கேள்வி. பட்டுத் தெரிந்துகொள்வது நல்லதா, முன்கூட்டியே யோசித்துச் செய்வது நல்லதா? "பட்டாத்தான் புத்தி வரும்"னு பாட்டி சொல்வாங்க. "எதையும் யோசிச்சுச் செய்"னு அப்பா சொல்வார். ரெண்டுமே சரிதானே?

செயற்கை நுண்ணறிவிலும் இதே கேள்விதான். செய்து பார்த்து, கிடைக்கும் வெகுமதியை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்வது 'வலுவூட்டல் கற்றல்'. செய்யும் முன்பே, "இப்படிச் செய்தால் அடுத்து என்ன ஆகும்?" என்று கணக்குப் போடுவது 'திட்டமிடல்'. 2016 மார்ச்சில், சியோல் நகரில், கோ ஆட்டத்தில் ஜாம்பவானான லீ செடோலை ஆல்பாகோ 4-1 என்று வென்றது. தன்னோடு தானே ஆடிக் கற்ற அனுபவமும், ஒவ்வொரு காய் வைக்கும் முன் வரப்போகும் நகர்வுகளை அலசும் திட்டமிடலும் அதில் சேர்ந்திருந்தன. எந்த வழி நல்லது என்று அனுபவம் காட்டியது. அந்த வழி எங்கே போய் முடியும் என்று திட்டமிடல் பார்த்தது.

அப்போ, இரண்டும் இருந்தால் போதுமா? போதாது.

அதே 2016-இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள், 'கோஸ்ட் ரன்னர்ஸ்' என்ற படகுப் பந்தய விளையாட்டை ஒரு நிரலுக்குப் பழக்கினார்கள். வழியில் உள்ள இலக்குகளை இடித்தால் புள்ளி. பந்தயத்தை முடிப்பதற்குத் தனியாகப் புள்ளி கிடையாது. என்ன ஆச்சு தெரியுமா? படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. தீப்பிடித்து எரிந்தது, மற்ற படகுகளில் மோதியது, ஆனால் புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பந்தயத்தை அது முடிக்கவே இல்லை.

அதற்குத் திட்டமிடலும் கொடுத்திருந்தால் திருந்தியிருக்குமா? இல்லை. இன்னும் கெட்டிக்காரத்தனமாக வட்டமடித்திருக்கும். குறி தப்பாக இருந்தால், அறிவு கூடக் கூடத் தவறும் கூடும்.

"அது நிரல் எழுதியவங்க தப்புதானே?" என்று கேட்கலாம். உண்மைதான். படகால் தன் புள்ளிக் கணக்கைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் நம்மால் முடியுமே! எஸ்.பி.எம்.-இல் எத்தனை 'ஏ', மாதச் சம்பளம் எவ்வளவு, படத்துக்கு எத்தனை லைக்... இந்தக் கணக்கையெல்லாம் நாம் எழுதவில்லை. யாரோ எழுதிக் கொடுத்தார்கள், நாம் ஓடுகிறோம். தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வு வழியில் இருக்கும் இலக்கு. அதுவே கரை ஆகிவிடாது.

நன்றாகப் படியுங்கள், நன்றாகத் திட்டமிடுங்கள். ஆனால் இன்றிரவு படுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்: என் படகு கரையை நோக்கிப் போகுதா, இல்லை சும்மா வட்டமடிக்குதா?