கடைசியில் வந்தவனின் கூலி



இன்றைய சுவிசேஷத்தைப் பூசையில் வாசித்தபோது 2019-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். அந்த அம்மாளின் புருஷன் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. “சாமி, பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்குது. வாத்தியாருங்க சம்பளம் பத்தலைன்னு ரோட்டுல உக்காந்திருக்காங்க. என் வீட்டுக்காரரு வாங்கறதைவிட அவங்க வாங்கறது எத்தனை மடங்கு? எம் புள்ளை படிப்புக்கு யாரு பதில் சொல்றது?” என்றார்கள். பக்கத்தில் நின்ற சிறுவனோ, “எங்க டீச்சரையும் போலீஸ் புடிச்சிருச்சா சாமி?” என்று கேட்டான். நான் இருவருக்கும் பதில் சொல்லவில்லை. தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றுதான் பதில் சொல்ல முயல்கிறேன்.

அந்த ஜனவரி 22 முதல் 30 வரை ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பின் அழைப்பை ஏற்று ஆசிரியரும் அரசு ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2003 ஏப்ரலுக்குப் பின் வேலைக்கு வந்தோருக்கு இல்லாமற்போன பழைய ஓய்வூதியத்தைக் கேட்டார்கள். இடைநிலை ஆசிரியரின் ஊதிய முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டார்கள். அரசாங்கமோ மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியரைத் தேடியது. பலர் கைதானார்கள், பலர் தற்காலிக நீக்கம் பெற்றார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2003 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்ததையும் அவர்கள் அறியாதவர்களல்ல.

அந்த முரண்பாடு இன்னதென்று அந்த அம்மாளுக்கு அன்றே நான் விளக்கியிருக்க வேண்டும். 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. ஒருநாள் பிந்தினால் மாதம் 3,170 ரூபாய் குறைவு. அதன்மேல் ஏறும் படிகளும் குறைவு. ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் கடைசியில் சென்னைக் கல்லூரிச் சாலையில் டி.பி.ஐ. என்று நாம் அழைக்கும் வளாகத்தில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறன்றுதான் கோவில்களில் இதே திராட்சைத் தோட்டச் சுவிசேஷம் வாசிக்கப்பட்டது. நான் அன்றும் பிரசங்கம் செய்தேன். ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திராட்சைத் தோட்டத்து எஜமானன் விடியற்காலையில் ஆட்களை அழைத்தான். பதினோராம் மணி வேளையிலும் போய் அழைத்தான். பொழுது சாய்ந்ததும் கடைசியில் வந்தவனுக்கும் முழு வெள்ளிக்காசு கொடுத்தான். இது சர்வேசுரனுடைய கிருபையைப் பற்றிய உவமை. சம்பளப் பட்டியல் அல்ல என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். சரிதான். ஆனாலும் நம் ஆண்டவர் கிருபையை விளக்க ஒரு கூலிக்காரனின் வயிற்றை அல்லவா எடுத்துக்கொண்டார்? பிந்தி வந்தவன் வீட்டிலும் அதே அடுப்பு, அதே பிள்ளைகள். அவனாவது ஒரு மணி நேரம்தான் வேலை செய்தான். நம் ஆசிரியரோ நாள் முழுவதும் அல்லவா உழைக்கிறார்!

பிரியமான தாய்மாரே, இதை உங்கள் வீட்டுக்காரர் எவரைக் காட்டிலும் நன்றாய் அறிவார். நிரந்தரத் தொழிலாளி நிற்கும் அதே இயந்திரத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும் நிற்கிறான். இரவு ஷிப்டும் பார்க்கிறான். சம்பள நாளில் இரண்டு கவர்களும் ஒன்றா? ஆசிரியருடைய சம்பளம் உங்கள் சம்பளத்தைவிடப் பெரிதுதான். ஆனால் அவருக்குச் செய்யப்பட்டதும் உங்களுக்குச் செய்யப்படுவதும் ஒரே அநீதி. அவர் தோற்றால் உங்கள் கூலி கூடப்போவதில்லை.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பள்ளிப்பட்டுப் பக்கம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், 2018 ஜூனில் ஆங்கில ஆசிரியர் பகவானைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், வழிமறித்தார்கள். பெற்றோரும் கூடி நின்றார்கள். மாறுதல் பத்து நாள் தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்து நாமெல்லாம் கண் கலங்கினோம். ஏழே மாதம் கழித்து ஆசிரியர்கள் தெருவில் உட்கார்ந்தபோது நம்மில் எத்தனைபேர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனோம்?

அதே 2019 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொட்டும் மழையில் குடைபிடித்துக்கொண்டு பெற்றோரும் பிள்ளைகளும் கூட நின்றார்கள். வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் பள்ளிக்கு நர்ஸ் வைக்கவுமே ஆசிரியர் போராடுகிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தார்கள். 22-ந் தேதி உடன்பாடு ஏற்பட்டது. நம் ஊரில் வேலைநிறுத்தம் தொடங்கிய அதே நாள்! நம் ஆசிரியர் சங்கங்களுக்கும் இதில் ஒரு பாடமுண்டு: தெருவுக்கு வருமுன் பெற்றோரிடம் வந்து பேசுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கொடிபிடிக்க அழைத்துப்போவதை மட்டும் நான் விரும்பமாட்டேன். தகப்பனோடு போய் டீச்சருக்கு வணக்கம் சொல்லி வந்தால் போதும்.

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே நியாயமான கூலியைப் பற்றி நிருபம் எழுதினார். வேறு வழியில்லாதபோது வேலைநிறுத்தம் உரிமையைக் காக்கும் கடைசி உபாயமாகலாம், ஆனால் பேச்சுவார்த்தையை விட்டுவிடலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் சொல்லிற்று. சங்கம் சொன்னதைச் சொல்லிவிடுவது எனக்குச் சுலபம்.

சுலபமல்லாதது ஒன்று உண்டு. முன்பு நான் தாளாளராயிருந்த ஒரு பள்ளியில் அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியைக்கும், நிர்வாகம் சம்பளம் கொடுத்த ஆசிரியைக்கும் அடுத்தடுத்த வகுப்பறை. இரண்டாமவருக்கு நான் மாதாமாதம் கையெழுத்திட்டுக் கொடுத்தது முதலாமவருடையதில் கால்பங்குகூட வராது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் “சேவை” என்று பதில் வைத்திருந்தேன்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளிப்பிள்ளைகளின் பெற்றோரும், நம் பங்கிலுள்ள ஆசிரிய ஆசிரியைகளும் பங்கு மண்டபத்துக்கு வாருங்கள். நம் நர்சரியின் சம்பளப் புத்தகத்தை நான் கொண்டுவருகிறேன். முதலில் அதை வாசிப்போம்.

உங்கள் பங்குக் குரு