சனிக்கிழமை விமானமும் ஒரு குழந்தையின் சம்மதமும்

ஜூன், ஜூலை மாதங்களில் ஹோண்டுராஸ், குவாத்தமாலா விமான நிலையங்களில் ஒரே நிறச் சட்டை போட்ட அமெரிக்க இளைஞர் கூட்டங்கள் வந்து இறங்கியபடியே இருக்கும். சட்டையில் சபையின் பெயர். பெட்டிகளில் பலூன், பசை, கத்தரிக்கோல், கைப்பாவை, வண்ண மணி. திங்கள் முதல் வெள்ளி வரை ஏதாவதொரு ஊரில் சிறுவர் முகாம் நடக்கும். சைகைப் பாட்டு, ஒரு பைபிள் கதை, கைவேலை, பந்து விளையாட்டு, பிஸ்கட், ஜூஸ். இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் கை தூக்கலாம் என்று கடைசி நாளில் ஒருவர் அழைப்பார். பல கைகள் உயரும். மறுநாள் சனிக்கிழமை, விமானம்.

இது சிறிய நடமாட்டம் அல்ல. 2005ஆம் ஆண்டுக் கருத்தாய்வு ஒன்றை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கச் சபையினர் இப்படிக் குறுகிய கால ஊழியத்துக்காக வெளிநாடு போகிறார்கள் என்று பிரின்ஸ்டன் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ கணித்தார். வீடு கட்டவும் மருத்துவ முகாம் நடத்தவும் கைத்தொழிலோ படிப்போ வேண்டும். சிறுவர் முகாமில் ஸ்பானிஷ் ஒரு வரி தெரியாத பதினேழு வயதுப் பிள்ளைக்கும் வேலை உண்டு. அதனால்தான் அது இந்தப் பயணங்களில் இத்தனை பரவலாக இடம்பிடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை உயர்ந்த கைகளை என்னவென்று எடுத்துக்கொள்வது? விசுவாசம் என்றா, அன்பாக நடந்துகொண்ட விருந்தாளிக்குப் பிள்ளைகள் காட்டிய பிரியம் என்றா?

இவ்வகைச் சிறுவர் ஊழியம் தொடங்கியபோது இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக இல்லை. 1868இல் வேல்ஸின் லான்டட்னோ கடற்கரையில் ஜொசையா ஸ்பியர்ஸ் ஒரு வேத வசனத்தை மணலில் பெரிய எழுத்துகளாக வரைந்தார். விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் அதைக் கூழாங்கல்லும் கடற்பாசியும் வைத்து அலங்கரித்தார்கள். பின்னாளில் ஸ்கிரிப்சர் யூனியன் என்று உலகெங்கும் பரவிய இயக்கத்தின் வேர்களில் அது ஒன்று. 1898இல் நியூயார்க்கில் திருமதி ஹாஸ் என்பவர் ஒரு பீர் கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்குக் கோடைக்காலப் பள்ளி நடத்தினார். தமிழ்நாட்டுச் சபைகளில் மே மாத விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) அந்த மரபில் வந்ததுதான். ஆனால் அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அக்கா அடுத்த ஞாயிறும் அதே ஆலயத்தில் இருப்பார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், பரீட்சையில் எத்தனை மார்க் என்று கேட்பார்.

மொழி தெரியாத ஊருக்கும் இதே முகாமைக் கொண்டுபோக உதவியது 'வார்த்தையில்லாப் புத்தகம்'. லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866இல் அதை மூன்று நிறங்களில் விளக்கினார்: பாவத்துக்குக் கறுப்பு, கிறிஸ்துவின் இரத்தத்துக்குச் சிவப்பு, கழுவப்பட்ட உள்ளத்துக்கு வெள்ளை. பரலோகத்தைக் குறிக்கும் பொன்னிறமும் வளர்ச்சியைக் குறிக்கும் பச்சையும் பிறகு சேர்ந்தன. இன்றைய முகாம்களில் அதே நிறங்கள் மணிகளாகிக் கயிற்றில் கோக்கப்பட்டுப் பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு வருகின்றன. ஒரு மணிநேரத்தில் பொருளும் புரிந்துவிடும், கைவேலையும் முடிந்துவிடும். ஆனால் குழந்தை திருப்பி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல மணிக்கு வாய் இல்லை. பாவத்துக்கு ஏன் கறுப்பு என்று கருநிறப் பிள்ளை கேட்டால், மொழிபெயர்ப்பாளரே திண்டாடுவார்.

இப்படிப் பட்டென்று வரும் சம்மதத்தைக் கிறிஸ்தவ இறையியல் அலட்சியமாகத் தள்ளுவதில்லை. விசுவாசம் என்பது கருத்துகளை ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒருவரை நம்புவது. அந்த நம்பிக்கை குழந்தைக்குக் கைவந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். பாப்டிஸ்ட் மரபினர் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஒருவர் அறிந்து, தானே அறிக்கை செய்ய வேண்டும் என்பது அவர்கள் நிலை. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஆங்கிலிக்கன்களும் கொடுக்கிறார்கள். பிள்ளை வளரும்வரை பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபையும் அதன் விசுவாசத்தைத் தாங்குவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் தரப்புக்கு, பிள்ளை புரிந்துகொள்ளும்வரை கூட இருந்து பேச ஆள் வேண்டும். இரண்டாவது தரப்புக்கு, தாங்குவதற்கு ஆள் வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டையிட்ட இரு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: கையுயர்த்திய பிள்ளையின் அருகில் யாராவது தங்கியாக வேண்டும்.

பயணத்தை ஆதரிப்பவர்கள் பவுலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். தெசலோனிக்கேயில் ஜெப ஆலயத்தில் அவர் பேசியது மூன்று ஓய்வுநாட்கள்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. நியாயமான வாதம். ஆனால் அவர் துரத்தப்பட்டுப் போனவர். போன பின் மனம் கேளாமல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவை அனுப்பினார், கடிதம் எழுதினார். மறுதரப்பு நாசரேத்தைக் காட்டும். இயேசு ஊழியம் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதுவரை அவர் ஒரு சிற்றூரில் ஊராரோடு ஊராராக வாழ்ந்தார்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கினார். வயதான வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஐரோப்பாவுக்கு ஒருமுறை போய்வந்தார்; 1719இல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் கண்டது தங்களைவிட மெதுவாக எழுதிய ஒரு மாணவரை.

1968 ஏப்ரலில், கோடைச் சேவைக்கு மெக்சிகோ வரவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் கத்தோலிக்கக் குருவான இவான் இலிச் முகத்துக்கு நேரே சொன்னதும், உதவுபவராக அல்ல, மாணவராக வருவதைப் பற்றித்தான். ஊர் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய வராதீர்கள் என்றார். பணக் கணக்கும் அவர் பக்கம் சாய்கிறது. 1998 மிட்ச் புயலுக்குப் பின் ஹோண்டுராஸில் நடந்த வீடுகட்டும் பணியைக் கால்வின் கல்லூரியின் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். பயணக் குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்குப் போக்குவரத்துச் செலவும் சேர்த்து ஏறத்தாழ 30,000 டாலர் ஆனது. உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு 2,000 டாலரில் கட்டியது.

இதற்காக முகாம்களை மூடிவிட வேண்டியதில்லை. பொம்மலாட்டம் பார்த்துச் சிரித்த பிள்ளைக்கு அது நல்ல வாரம்தான். சில சபைகள் முறையை மாற்றிவிட்டன: கதை சொல்வது உள்ளூர் ஆசிரியர், வந்தவர்கள் பந்து எறிகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், செலவை ஏற்கிறார்கள். கை தூக்கும் அழைப்பை ஊர்ப் போதகரிடமே விட்டுவிடுகிறார்கள்.

பெற்றோர் விஷயத்தில்தான் இன்னும் தெளிவு வேண்டியிருக்கிறது. 2001இல் நியூயார்க் மாநிலத்து மில்ஃபோர்ட் பள்ளிக் கட்டடத்தில் 'குட் நியூஸ் கிளப்' என்ற கிறிஸ்தவ அமைப்பு சிறுவர் கூட்டம் நடத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் அனுமதியோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை அது ஒரு முக்கியக் காரணமாகக் கொண்டது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆவது பிரிவும் குழந்தையின் மத சுதந்திரத்தை ஏற்று, வயதுக்கேற்ப அதற்கு வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. தன் ஊரில் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே பிள்ளைகளைச் சேர்க்கும் சபை, பலூனைப் பார்த்து ஓடிவரும் ஹோண்டுராஸ் பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஸ்பானிஷில் அச்சிட்ட அதே சீட்டை நீட்டலாம். வெள்ளிக்கிழமை என்ன கேட்கப்போகிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.