நோன்புப் புடவையும் வெள்ளைப் புடவையும்

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் நாட்களில், பௌர்ணமிக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்று வரலட்சுமி நோன்பு வருகிறது. அதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் ஜவுளிக் கடைகளில் நம் தாய்மார்களுக்கு வேலை ஆரம்பமாகிவிடுகிறது. அரக்கா, மயில்கழுத்துப் பச்சையா, மாம்பழ மஞ்சளா? காஞ்சிபுரம் பட்டா, கைக்கு அடக்கமான பருத்தியா? சரிகை எத்தனை விரற்கடை? சென்ற ஆண்டு அண்டை வீட்டம்மாள் உடுத்தியது எது? இவ்வாறு ஆராய்ச்சி நடக்கிறது. உடன் வந்த புருஷர்கள் கடை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கறுப்பை யாரும் தொடுவதில்லை. வெள்ளையைக் கடைக்காரர் பிரித்துக் காட்டுவதே இல்லை.

இதைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. முன்னே சில வகுப்பாரின் வீட்டு வழக்கமாயிருந்த இந்நோன்பு இப்போது கோயில்களில் பலரும் கூடிச் செய்யும் வழிபாடாகிவிட்டது. அதற்கென ஒரு பெண் நல்ல புடவை தேடுவதில் குற்றமென்ன? விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, பால்கறை படிந்த பழஞ்சட்டையோடு நிரையிலே மரம் வெட்டி, வாளி சுமந்து வாழ்ந்த பெண்களின் மக்கள் நாம். அவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள் அழகாக உடுத்துவது ஆடம்பரமென்று எந்தச் சீர்திருத்தக்காரர் சொன்னாலும் நாம் ஒப்பமாட்டோம். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றபோது, அந்தக் காசு வீட்டுக்குத் திரும்பவேண்டுமென்பதும் அவர்கள் கருத்து. அது புடவையாகத் திரும்பினால் யாருக்கு நஷ்டம்?

நாம் கேட்க விரும்புவது வேறு. ஏன் அந்த நிறம்? ஏன் இந்த நிறம் கூடாது? நோன்புப் புடவை, "என் கணவர் உயிரோடிருக்கிறார்" என்று ஊருக்கு அறிவிக்கிறது. வெள்ளைப் புடவை, அவர் இல்லையென்று அறிவிக்கிறது. முதல்வகைப் புடவைக்காரி கட்டுக்கழுத்தி. அவளுக்கு மஞ்சளும் குங்குமமும் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் உண்டு. இரண்டாம் வகையாள் எதிரே வந்தாலே சகுனத் தடை. அவளுடைய நற்குணமோ தீக்குணமோ இந்தப் பிரிவினையில் எங்கும் விசாரிக்கப்படுவதில்லை. இன்னொருவருடைய மூச்சைப் பொறுத்து இவளுடைய மங்கலம் அளக்கப்படுகிறது.

நிறத்திலே அந்தச் சக்தி இருக்கிறதாவென்றால், நம் அண்டை வீட்டாரைப் பார்த்தாலே போதும். சீனருக்குச் சிவப்பு கலியாண நிறம், வெள்ளை துக்க நிறம். கிறிஸ்துவ மணப்பெண்ணோ வெள்ளையுடுத்தித்தான் கோயிலுக்குப் போகிறாள். மலையாளத்துப் பெண்கள் பொன்கரையிட்ட வெள்ளை முண்டை ஓணத்துக்கும் திருமணத்துக்கும் உடுத்துகிறார்கள். மலாய்க்காரருக்கு மஞ்சள் அரசருடைய நிறம். வெகு தூரம் போவானேன்? நம் வீட்டு மாப்பிள்ளை மணவறையில் உட்காருவது வெள்ளை வேட்டியில் அல்லவா? தறியில் நெய்த ஒரே வெள்ளை, ஆணின் இடுப்பில் மங்கலமாகவும் பெண்ணின் தோளில் அமங்கலமாகவும் எப்படி மாறிற்று? மனைவியை இழந்தவருக்கும் அதே வேட்டிதான். அவருக்கென ஊர் ஓர் உடையை ஏற்படுத்தவில்லை. மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறவள் மஞ்சள் உடுத்தும்போது, உன் கணவன் இருக்கிறானாவென்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதையும் நாம் நினைக்கவேண்டும்.

கெடாவில் இக்கேள்விக்குத் தனியானதொரு கடுமை உண்டு. 1942-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினர். 1943 அக்டோபர் 17-இல் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதே மாதத்தில் கெடா ராஜ்யமே சயாமின் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பாதைக்காக மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. பதினாயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இன்றும் வரிசையாகப் பேணப்படுகின்றன. காட்டிலே புதைந்த நம்மவருக்கு அவ்வாறு பெயர் பொறித்துவைத்தவர் இல்லை.

பெயர் பொறிக்கப்படாததால் லயத்துக்குச் செய்தியும் வரவில்லை. யுத்தம் முடிந்து 1945-இல் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினர். மற்றவர்களின் மனைவிமார் என்ன உடுத்துவது? யுத்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. துணியே கிடைக்காமல் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பலர் மானத்தைக் காத்தார்கள், சாக்குக்குச் சுமங்கலி அமங்கலி பேதம் கிடையாது. கடைக்குத் துணி வந்த பிறகுதான் சங்கடம் பிறந்தது. சிவப்பு உடுத்தினால், போனவன் செத்து எத்தனை நாளாயிற்றோ, இவளுக்கு வெட்கமில்லையேயென்று நாலு பேர் சொல்வார்கள். வெள்ளை உடுத்தினாலோ, எங்கோ உயிரோடிருக்கக்கூடியவனை அவளே தன் கையால் கொன்றதாகும். பிணமில்லை, கடிதமில்லை, கண்டு வந்து சொன்னவரும் இல்லை. அவன் செத்த நாளைக் குறிக்கும் பொறுப்பு அவளுடைய புடவையின்மேல் விழுந்தது. குங்குமத்தை அழிக்காமலே முதுமையெய்தி, வாசலைப் பார்த்தபடியே மறைந்த பாட்டிமார் உண்டென்று முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

ஏழாண்டுக் காலம் ஒருவரைப்பற்றிச் செய்தியே இல்லையாயின், அவர் உயிரோடிருக்கிறார் என்போர்தாம் அதை நிரூபிக்கவேண்டுமென்று 1950-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம் சொல்கிறது. சொத்துக்கும் மறுமணத்துக்கும் அது நியாயமான ஏற்பாடே. ஆனால் எட்டாம் ஆண்டு பிறந்த காலையில் ஒரு பெண் எழுந்து, நேற்றுவரை உடுத்திய பச்சையை மடித்து வைத்துவிடவேண்டுமென்று எந்த நீதிபதி கட்டளையிட முடியும்?

உடை மெய் பேசவேண்டும், கணவனையிழந்தவள் சுமங்கலி போல உடுத்துவது பொய்க் கோலம் என்று நம் பெரியவர்கள் ஆட்சேபிக்கலாம். அதில் ஓரளவு நியாயம் இருப்பதாக நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. சயாமுக்குப் போனவர்களின் மனைவிமாரை நினைத்த பிறகு அந்த எண்ணம் நம்மிடம் நிலைக்கவில்லை. விடையறிய வழியில்லாதவளிடம் தினமும் காலையில் ஒரு கேள்வியைக் கேட்டு, அவள் உடுத்துவதையே பதிலாக எழுதிக்கொள்வது அநீதியல்லவா? அவளிடம் கேட்பது அநீதியாயின், கணவனைக் கண்ணெதிரே பறிகொடுத்து நிச்சயமாக அறிந்திருப்பவளிடம் கேட்பது மட்டும் எப்படி நீதியாகும்? துக்கம் இவளுக்குத் தெளிவாயிருக்கிறது. ஊருக்கு அவள் அதை நிரூபித்துக் காட்ட வேண்டிய கடன் ஏது?

கைம்பெண் மறுமணத்துக்கு இந்தியாவில் 1856-இலேயே சட்டம் வந்துவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் கைம்பெண்களுக்கு மணவுரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து, கெடாவுக்கு நேரெதிரே கடல் தாண்டியுள்ள பினாங்கில் இறங்கினார். அன்று தொட்டு நம்மவர் மேடையேறிப் பேசாத ஊரில்லை. எனினும் நமது குறையையும் சொல்லிவிடவேண்டும். வெள்ளையைக் கழற்று, கலர்ப் புடவை கட்டு, நோன்பை விட்டொழி என்று நாமும் பெண்களுக்குக் கட்டளைதான் இட்டோம். மறைந்தவரின் நினைவாக வெள்ளையே தனக்கு அமைதியென்று கருதும் மூதாட்டியை முற்போக்கின் பெயரால் வற்புறுத்துவதும், இளங்கைம்பெண்ணுக்கு வெள்ளையைப் போர்த்திய ஊர்க்கட்டுப்பாடும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகவே தோன்றுகின்றன. இரண்டும் அவளைக் கேட்காமல் செய்தவை.

இன்று ரப்பர் நிரைகள் பலவும் செம்பனையாகிவிட்டன. தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. லயத்தார் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். நோன்பு நாளன்று வீட்டுக்குள் நடப்பது மட்டும் அதிகம் மாறவில்லை. விடியற்காலையில் எழுந்து மாவரைத்துப் பூரணம் கிண்டிக் கொழுக்கட்டை பிடித்தவர் பல வீடுகளில் கைம்பெண்ணான மாமியார். கலசத்துக்குத் தேங்காய் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரும் அவரே. அழைத்த சுமங்கலிகள் வாசற்படி ஏறும்போது, யாரும் சொல்லாமலே, அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுகிறார். தாம்பூலத் தட்டு கூடத்தைச் சுற்றி வருகிறது; அந்த அறைக் கதவுவரை போவதில்லை. மருமகளும் கொடியவளல்லள். அத்தை எங்கேயென்று அவள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இவ்வாண்டு ஜவுளிக் கடைக்குப் போகும் சகோதரிகள் தமக்கு எடுக்கும்போது வீட்டில் அப்படியொரு அத்தையோ அம்மாளோ இருந்தால், அவரையும் உடனழைத்துச் செல்லலாம். கடைக்காரரை எல்லா நிறங்களையும் பிரிக்கச் சொல்லி, எது பிடிக்கிறதென்று அவரையே கேட்கலாம். முதலில் எனக்கெதற்கு என்பார். இரண்டாம் முறையும் கேட்கவேண்டியிருக்கும். வெள்ளையே போதுமென்றால் கரையிட்ட நல்ல வெள்ளையாக ஒன்று எடுத்துக் கொடுங்கள். பச்சையின்மேல் அவர் கை சற்றே நின்றால், விலையைக் கேட்காமல் அதைக் கட்டச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் தாம்பூலத் தட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள்.