அம்மாவைக் கைவிடுகிறோமா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். "அம்மாவின் இதயத்தின் மேலறைகள் மிகவும் விரிந்துவிட்டன. சுவாசக் கருவியைப் பொருத்தலாம், ஆனால் அவ மீளுவது அரிது" என்கிறார் வைத்தியர். மூத்தவன் கேட்கிறான்: "வேண்டாமென்றால் நாங்களே அம்மாவைக் கொன்றதாகாதா, டொக்டர்?"

முதலில் நோயை அறிவோம். இடது மேலறையின் குறுக்களவு சாதாரணமாக 4 சென்ரிமீற்றர் அளவே. சிறுவயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டால், இரத்தம் கீழறைக்கு இலகுவில் இறங்காது மேலறையில் தேங்கும். ஆண்டுக்கணக்கான அழுத்தத்தால் அறை 5, 6 சென்ரிமீற்றருக்கும் மேலாக விரியும். நாடி ஒழுங்கு தவறும். உறைந்த இரத்தம் மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். ஆகவே இது நேற்று வந்த விரிவன்று. சுவாசக் கருவி மூச்சைத் தாங்கும். விரிந்த அறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

எனினும் அளவு மட்டும் தீர்ப்பாகாது. விரிந்த இதயத்தோடு பல்லாண்டு வாழ்வோரும் உளர். சத்திரசிகிச்சையால் வால்வைத் திருத்தக்கூடியவர்க்கோ, நியுமோனியா தீரும்வரை உதவி தேவைப்படுபவர்க்கோ கருவியை மறுப்பது பெருந்தவறு. அந்த எண் நோயின் முதிர்ச்சியைச் சொல்லும். மனிதரின் மதிப்பைச் சொல்லாது.

1957இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மயக்க மருந்து வைத்தியர்களுக்கு இதைத் தெளிவாக்கினார்: உயிர்காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை, கடுஞ்சுமையாகும் அசாதாரண வழிகளுக்குக் கட்டாயமில்லை. மரணம் நெருங்கித் தவிர்க்கமுடியாதபோது, வேதனையை நீடிக்கமட்டும் உதவும் சிகிச்சையை மறுக்கலாம். வழமையான பராமரிப்பை நிறுத்தலாகாது என 1980இல் விசுவாசக் கோட்பாட்டுச் சபையும் அறிவித்தது.

ஆகவே, மகனே, நீ கொல்லவில்லை. கொல்வது வேறு; தடுக்கமுடியாத மரணத்தை ஏற்பது வேறு. ஆனால் கருவி வேண்டாமென்றதோடு உன் கடமை முடியவில்லை. மூச்சுத்திணறலைத் தணிக்க மருந்து கேள். உலர்ந்த நாவை நனை. நோயிற்பூசுதலுக்குக் குருவானவரை நேரத்தோடு அழை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இரு.

வாசகர்களே, இன்னுமொன்று. அந்த வாசலில் நின்று அம்மாவின் விருப்பத்தை ஊகிப்பதிலும், வீட்டில் அவ பேசக்கூடிய நாளிலேயே கேட்டறிவது நன்று. அது அபசகுனமன்று, அன்பின் கடமை.