பகவதி பார்க்காத போர்

பாலக்காட்டில் காவு எனப்படும் பகவதி கோவில்களில், அம்மன் சன்னிதியைப் பார்த்தபடி, நீண்டு ஒடுங்கிய ஒரு கூத்துமாடம் நிற்கும். தை பிறந்தபின் தொடங்கும் திருவிழாப் பருவத்தில் அங்கே தோல்பாவைக்கூத்து நடக்கிறது. ஷொர்ணூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவில் அது 21 இரவுகள் நீளும். பாடப்படுவது கம்பனின் ராமாயணம். தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளியான பகவதிக்கு ராம ராவண யுத்தத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீரவே கூத்து என்பது ஐதிகம். ஆகவே முன்னால் ஓர் ஆள்கூட இல்லாவிட்டாலும் விளக்கு ஏற்றுவார்கள், இரவு முழுக்கப் பாடுவார்கள். இந்தக் கூத்தை ஆராய்ந்து 1996இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், ஆளில்லாத இந்த இரவுகளையே தம் ஆய்வின் மையக் கேள்வியாக்கினார். தெய்வம் ஒன்றே போதும் என்றிருக்கும் வழிபாட்டில், ஒன்றும் தெரியாமல் புதிதாக வந்து உட்காருபவருக்கு இடம் உண்டா? அவருக்காகக் கூத்தை எளிதாக்கினால் வழிபாட்டுக்குக் குறை வருமா?

இடம் உண்டு என்பதற்குக் கூத்தின் அமைப்பே சாட்சி. வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக எரிகின்றன. கூத்து நடத்தும் புலவர் ஒரு பாட்டைப் பாடுகிறார். பிறகு கதை நகர்வதில்லை. திரையில் பாவை அசையாமல் நிற்க, அவர் பதம் பிரிக்கிறார், பொருள் சொல்கிறார், கிளைக்கதைக்குள் போகிறார், இலக்கணமும் தருக்கமும் பேசுகிறார். பாட்டு கம்பனின் தமிழ். உரை மலையாளம் கலந்த தமிழ். இரவின் பெரும்பகுதியை உரைதான் எடுத்துக்கொள்கிறது. வெறும் பாராயணம் போதுமென்றால் இத்தனை விளக்கம் எதற்கு? அதுவும் யாருக்காக? போரைப் பார்க்காதவளுக்காக. இக்கூத்தின் முதல் புதியவள் பகவதியே. அவளுக்கு விளக்கிச் சொல்வது நிவேதனம் என்றால், அவள் பக்கத்தில் வந்து உட்காரும் மனிதருக்கு விளக்குவது மட்டும் எப்படிக் கலப்படமாகும்?

எல்லாம் அறிந்த அம்மனுக்கு விளக்கம் எதற்கு, அது வெறும் சடங்குதானே என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் படையலும் பசிக்காத தெய்வத்துக்கே வைக்கப்படுகிறது. அதற்காக யாரும் வேகாத சோற்றைப் படைப்பதில்லை. தெய்வத்துக்குத் தேவையில்லை என்பதால் புரியாமல் சொன்னாலும் போதும் என்று ஆகிவிடாது. கேட்க ஆளில்லாத இரவுகளில்கூட, மாடத்துக்குள் ஒரு புலவர் கேள்வி எழுப்ப இன்னொருவர் விடை சொல்லி உரை வளர்கிறது. கேட்பவர் ஒருவர் இல்லாமல் அந்தக் கலைக்கு மூச்சு ஓடாது.

அடுத்தது நீளம். 21 இரவுகள் யார் உட்காருவார்? சுருக்குவதுதான் வழி என்கிறார்கள். கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் காவுக்கு வெளியே கொண்டுவந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் குறுகிய நிகழ்ச்சிகள் வழியாகவும் காந்தியின் கதை வழியாகவும் அதை உலகெங்கும் அறியச் செய்தார். ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்களின் குழுவையே அமைத்தார். இவர்களால்தான் கலை பிழைத்திருக்கிறது. அதற்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் எளிதாக்குவது வேறு, குறைப்பது வேறு. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் முதலில் வெட்டுப்படுவது உரை. நிற்பது பாவைகளின் சண்டை. அதாவது புதியவருக்கு மிகவும் தேவையானதைப் பறித்துவிட்டு, அவருக்காகச் செய்ததாகச் சொல்கிறோம். கும்பகர்ணன் வதைக்கு முந்தைய வாதங்களைக் கேட்காதவருக்கு அவன் விழுவது வெறும் விழுதல்.

கதையைச் சுருக்கத் தேவையில்லை, அதற்குள் நுழைய வழி காட்டினால் போதும். ஒவ்வோர் இரவும் மாடத்தில் விளக்கு ஏற்றுமுன், இளைய புலவர் ஒருவர் வெளியே மக்களோடு அமர்ந்து, நேற்றுவரை நடந்ததையும் இன்று பாடப்போகும் பகுதியையும் அரை மணி நேரம் பேசலாம். பாட்டுகளைப் பொருளோடு அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். மாடத்துக்குள் எதையும் தொட வேண்டியதில்லை. காவுக் கமிட்டிகள் மேளத்துக்கும் பந்தலுக்கும் செய்யும் செலவில் சிறு பங்கு இதற்குப் போதும். எல்லைக்கு இப்புறம் கோவையில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கம்பனைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடத்தில் காத்துவருபவர்கள் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பாடும்போது எதிரே உட்கார ஆள் வேண்டும்.