முட்டினால் திறக்குமா?

2025ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் ‘குவாண்டம் டன்னலிங்’ என்ற சொல் நம் புலனக் குழுக்கள் வரை வந்து சேர்ந்தது. ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவரும் 1984, 85 வாக்கில் கலிபோர்னியாவில் செய்த சோதனைகளுக்கான பரிசு அது. ஒற்றைத் துகள்களில் அறியப்பட்டிருந்த ஒரு வித்தையைக் கையில் பிடிக்கக்கூடிய மின்சுற்றிலும் காட்டியிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் கொஞ்ச நாளிலேயே அது தன்முனைப்பு முகாமில் மேடையேறிவிட்டது.

எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளுக்கான முகாம். பேச்சாளர் மண்டபச் சுவரைத் தட்டிக் காட்டினார். “கண்ணுக்கே தெரியாத எலெக்ட்ரான் சுவத்தத் தொளைச்சிக்கிட்டுப் போகுது. திரும்பத் திரும்ப முட்டுது, நம்பிக்கைய விடல. உங்களால முடியாதா?” பலத்த கைத்தட்டல். பதினேழு ஆண்டுகள் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். எனக்குக் கை எழவில்லை.

எளிமையாகச் சொல்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பந்தை மேட்டை நோக்கி உருட்டுகிறோம். உச்சியைத் தொடும் வேகம் இல்லையென்றால் அது பாதியில் நின்று திரும்பிவிடும். எத்தனை முறை உருட்டினாலும் அதே கதைதான். எலெக்ட்ரான் போன்ற நுண்துகளின் நடத்தையைச் சொல்ல ஓர் அலை தேவைப்படுகிறது. துகள் எங்கே அகப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த அலைதான் தீர்மானிக்கிறது. சுவர் தொடங்கும் இடத்தில் அலை சட்டென்று அறுந்துவிடுவதில்லை. உள்ளே போகப்போகத் தேய்கிறது. சுவர் முடியும் இடத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தால், துகள் மறுபக்கத்தில் அகப்படவும் கொஞ்சம் வாய்ப்பிருக்கிறது. அவ்வளவுதான். யாரும் எதையும் துளைக்கவில்லை. தமிழில் ‘சுரங்கப்பாதை’ என்று எழுதுகிறார்கள். பேராக்கில் பிறந்த எனக்குச் சுரங்கம் என்றதும் மண்வெட்டியும் வியர்வையும்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பேராக் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தபின் மிஞ்சிய ‘அமாங்’ மணலில் மோனசைட் என்ற தாது உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232இன் அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவது இந்த டன்னலிங் வழியாகத்தான். 1928இல் ஜார்ஜ் காமோ இதை விளக்கினார். அதே ஆண்டில் கர்னியும் காண்டனும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். கொஞ்சம் தோரியத்தை எடுத்துக்கொண்டால், அதில் பாதி அணுக்கள் சிதைய 1400 கோடி ஆண்டுகள் ஆகும். தோரியத்தின் வம்சத்திலேயே, பல தலைமுறை கழித்து, பொலோனியம்-212 வருகிறது. அதில் பாதி சிதைய ஒரு நொடியின் கோடியில் மூன்று பங்கு நேரம் போதும். ஒரே மணல், ஒரே குடும்பம். இரண்டு காலத்துக்கும் உள்ள விகிதத்தை எழுத ஒன்றுக்குப் பின்னால் 24 சுழியம் போட வேண்டும்.

பொலோனியத்தின் துகள் அதிகம் முயற்சி செய்ததா? இல்லை. துகள் கருவுக்குள் அங்குமிங்கும் ஓடிச் சுவரில் மோதுவதாக ஓர் எளிய கணக்குப் போடுவார்கள். அதன்படி இரண்டுமே நொடிக்கு ஒன்றுக்குப் பின் 21 சுழியம் என்ற அளவில்தான் முட்டுகின்றன. உழைப்பில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் ஆற்றலில்: தோரியத்தின் துகளுக்குச் சுமார் 4 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட், பொலோனியத்தினுடையதற்குச் சுமார் 9. அந்த ஆற்றலும் உழைத்துச் சேர்த்ததில்லை, பிறந்த கருவின் அமைப்பு கொடுத்தது. ஆற்றல் இரு மடங்கானதும் கடக்க வேண்டிய சுவரின் தடிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மிச்சத்தைச் சுவரே பார்த்துக்கொள்கிறது.

காரணம், முயற்சியும் சுவரும் கணக்கில் ஒரே மாதிரி நுழைவதில்லை. இரண்டு மடங்கு முட்டினால் வாய்ப்பு இரண்டு மடங்கு, சரி. ஆனால் ஒரு சுவரைக் கடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்றால், தடிப்பை இரட்டிப்பாக்கியதும் அது பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். மூன்று மடங்காக்கினால் நூறு கோடியில் ஒன்று. முட்டி முட்டி இதை ஈடுகட்ட முடியாது.

முகாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேச்சாளரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சார், நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். தோட்டத்திலேர்ந்து வந்த பிள்ளைங்ககிட்ட, சுவரு தடிப்பா இருக்கு, வீட்டுக்குப் போங்கடான்னு சொல்லவா?” என்றார்.

நியாயமான கேள்வி. அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. முட்டாத துகள் எந்தச் சுவரையும் கடக்காது, அதுவும் கணக்கில் இருக்கிறது. மெல்லிய சுவருக்கு முன்னால் தயங்கி நிற்கும் பிள்ளைக்கு அவர் பேச்சு மருந்தாகவே இருக்கலாம். ஆனால் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் இருந்தது ஒரே சுவரா? ‘நம்பிக்கையோடு முட்டினால் திறக்கும்’ என்பதைக் கேட்டுப்போகும் பிள்ளை, திறக்காதபோது என்ன முடிவுக்கு வருவான்? நாம்தான் சரியாக முட்டவில்லை என்றுதானே? ஆறுதலாகச் சொன்ன பொய் பிறகு குற்றப்பத்திரிகையாக மாறுகிறது. அதுவும் தடித்த சுவர் வாய்த்தவன் மீது மட்டும். என் மறுப்பு இதுதான். அணுவிலிருந்து அறம் கறக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எலெக்ட்ரானுக்கு நீதியும் இல்லை, தோட்டமும் இல்லை. ஆனால் அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டது நான் இல்லை. கூப்பிட்டபின் முழுச் சாட்சியத்தையும் கேட்பதுதானே முறை?

நம் சட்டைப்பையில் உள்ள கைத்தொலைபேசியின் நினைவகம் டன்னலிங்கால்தான் வேலை செய்கிறது. எலெக்ட்ரான்களைச் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு சுவரைத் தாண்ட வைத்து அடைக்கிறார்கள். எப்படி? மின்னழுத்தம் கொடுத்துச் சுவரைச் சரிக்கிறார்கள். சரிந்த சுவர் எலெக்ட்ரானுக்கு மெலிந்துவிடுகிறது. எந்தப் பொறியாளரும் எலெக்ட்ரானுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துவதில்லை.

என்னிடம் டியூஷன் படித்த ஒரு பையன். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர். திருமணத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே பிறந்துவிட்டான். சட்டப்படி தாயின் குடியுரிமைதான். அந்த நாட்டிலும் அவன் பெயர் பதிவாகவில்லை. எஸ்.பி.எம்.மில் இயற்பியலுக்கு ஏ. பொதுப் பல்கலைக்கழகத்துக்கும் கல்விக் கடனுக்கும் அடையாள அட்டை வேண்டும். குடியுரிமை கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் காரணம் சொல்லாத மறுப்புக் கடிதம் வந்தது. “நான் ஃபாரத்த சரியா நிரப்பலயோ சார்?” என்று கேட்டான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் பையன்.

இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான். மூன்றாவது விண்ணப்பத்துக்கு அவன் தாமானில் இருக்கும் ஓர் அக்கா உதவுகிறார். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்பிக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. போன வாரம் நான் போனபோது மேசை முழுக்கத் தாள்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “தம்பி, நீ பொறந்த ஆஸ்பத்திரி கடிதம் இருக்கு. அம்மா பாஸ்போர்ட் பழைய நகல் எங்க? நாளைக்குள்ள தேடிக் கொடு” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.